எங்கள் மைதானத்தைத் திறந்துவிடுங்கள்: தேயிலைத் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வால்பாறைப் பீடபூமியில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் நிர்வாகத்தினருக்கு,

வேலைக்கு வருகை பதியும் மஸ்டர் ஆபீஸ் சுவரில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தோம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினோம். வனவிலங்கு நடமாட்டம் இருப்பதால் டிவிஷன் (தோட்டப் பிரிவு) விளையாட்டு மைதானம் மறு உத்தரவு வரும்வரை மூடப்படுகிறது, மீறி நுழைபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருக்கிறது. மறுநாளே கோல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்து விறகு லாரிகள் உள்ளே வந்து, மேற்கு மூலையில் பேக்டரிக்கான விறகை இறக்கிவிட்டுப் போயின.

எங்கள் பாதுகாப்புக்காகவே இந்த முடிவு என்று சொல்கிறீர்கள். அந்தப் பாதுகாப்பை முன்வைத்துத்தான் நான் இதை எதிர்க்கிறேன். மைதானத்தை மூடியதால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடியிருக்கிறது.

நான் இந்த லைனில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்த அதே ஃபீல்டில் இன்று நான் எடுக்கிறேன். கணவர் பேக்டரியில் வேலை பார்க்கிறார். மகன் டிவிஷன் அணியின் கோல்கீப்பர். மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் யானைச் செய்தியை முதலில் சொல்பவர் அவர்தான். விலங்குகளைப் பற்றித் தெரியாமல் பேசுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதையெல்லாம் எழுதுகிறேன்.

பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூனில் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் நான்கு வயதுப் பெண் குழந்தையை இதே வால்பாறையில் சிறுத்தை இழுத்துச் சென்றது. மறுநாள்தான் உடல் கிடைத்தது. அந்த ஆகஸ்டில் அசாம் தொழிலாளி ஒருவரின் மகன் பலியானான். முதலில் சிறுத்தை என்றார்கள், பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு கரடி என்றார்கள். எதுவாக இருந்தால் என்ன, அந்தத் தாய்க்குப் பிள்ளை இல்லை. அந்த இரண்டு மாலைகளுக்குப் பிறகு இங்கே எந்த வீட்டிலும் பிள்ளைகளை முன்பு போல வெளியே விட்டதில்லை. ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு குழந்தைகளில் எவரும் பந்து விளையாடும் மைதானத்தில் சாகவில்லை. குடியிருப்பை ஒட்டிய இடத்தில், பொழுது சாயும் நேரத்தில் நடந்தது அது. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அந்த இரண்டு மரணங்களும் காட்டிவிட்டன. நீங்கள் பூட்டியிருப்பது வேறோர் இடத்தை.

எங்கள் லைனை ஒரு முறை மாலை ஆறரைக்கு வந்து பாருங்கள். வீட்டு வரிசையின் பின்சுவருக்கும் தேயிலைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அளவு இடம்தான் இருக்கிறது. கவாத்து வெட்டாத செடிகள் அங்கே தோளுக்கு மேல் நிற்கின்றன. ஓடைக்கரை முழுவதும் உன்னிச்செடிப் புதர். கழிப்பறைகள் வரிசையின் கடைசியில், விளக்கில்லாத மேட்டில் இருக்கின்றன. என் மகள் இரவில் எழுந்தால் நானும் எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு போகிறேன். அவள் உள்ளே இருக்கும்வரை புதரைப் பார்த்து வெளிச்சம் அடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே நிற்கிறேன். பேச்சுக் குரல் கேட்டால் சிறுத்தை ஒதுங்கிவிடும் என்பது என் அம்மா சொல்லிக் கொடுத்த பாடம். இந்தத் தோட்டத்தில் எல்லாத் தாய்மார்களும் அப்படித்தான் நிற்கிறார்கள். அந்த மேட்டுக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பஸ் நிறுத்தத்திலிருந்து லைனுக்கு வரும் பாதைக்கும் கேட்டோம். கம்பம் நட்டார்கள், விளக்கு வரவில்லை. பல்பு மாட்டக் கிடைக்காத அவசரம் மைதானத்தைப் பூட்ட மட்டும் எங்கிருந்து வந்தது?

சிறுத்தை வெட்டவெளியை விரும்பாது. பதுங்கி வந்து அருகில் இருந்து பாய்கிற விலங்கு அது. அதற்கு மறைவு வேண்டும். வால்பாறையில் ஆய்வு செய்தவர்கள் அதன் எச்சத்தை ஆராய்ந்து, அதன் உணவில் பெரும்பகுதி கேளையாடு, கடமான், முள்ளம்பன்றி போன்ற காட்டு இரைதான் என்று எழுதியிருக்கிறார்கள். மனிதனைத் தேடி வருகிற விலங்கு இல்லை. இறைச்சிக் கழிவும் அதைத் தின்ன வரும் நாய்களும் அதை லைன் பக்கம் இழுக்கின்றன, புதர் அதை ஒளித்து வைக்கிறது. குனிந்து நிற்கிற குழந்தையின் உருவம் இருட்டில் அதற்கு இரையாகத் தெரிந்துவிடுகிறது.

இப்போது மைதானத்தை நினைத்துப் பாருங்கள். தினமும் இருபது முப்பது பிள்ளைகள் ஓடி மிதித்த தரை அது. புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்ததே இல்லை. நான்கு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் தெரியும். எங்கள் டிவிஷனில் ஒரு பூனை ஒளியக்கூட இடமில்லாத ஒரே நிலம் அதுதான். லைனுக்கும் சோலைக் காட்டுக்கும் நடுவே அது திறந்து கிடந்ததே எங்களுக்குக் காவலாக இருந்தது. பூட்டிய பிறகு தென்மேற்குப் பருவமழை இறங்கியது. இங்கே மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. மைதானத்தில் இன்று புல் இடுப்பளவு நிற்கிறது. ஓரத்தில் உன்னி முளைத்துவிட்டது. விறகு அடுக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் சிறுத்தைக்கு நல்ல மறைவிடம் ஒன்றை நிர்வாகமே வளர்த்துக் கொடுத்திருக்கிறது. அங்கே காட்டுப்பன்றி கிளறிய தடத்தைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். பன்றியின் பின்னால் அடுத்து எது வரும் என்பது மலையில் பிறந்த யாருக்கும் தெரியும்.

மைதானம் இல்லையென்றால் பிள்ளைகள் வீட்டுக்குள் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். லைன் வீட்டின் அளவை நிர்வாகம் அறியும். முன்னறை, சமையலறை, ஒரு சிறு திண்ணை. அதில் நாங்கள் ஐந்து பேர். பக்கத்து வீட்டில் ஏழு பேர். பதினாறு வயதுப் பையனை மாலை முழுவதும் அந்த அறையில் உட்கார வைக்க எந்தத் தாயாலும் முடியாது. அவர்கள் இப்போது பேக்டரி ரோட்டின் வளைவில் விளையாடுகிறார்கள். அந்தப் பக்கம் கொழுந்து லாரி வருகிறது. இந்தப் பக்கம் தேயிலைச் சரிவு. பந்து செடிகளுக்குள் உருண்டால் ஒரு பையன் தனியாக இறங்கி, குனிந்து தேடுகிறான். நீங்கள் எதற்குப் பயந்து மைதானத்தை மூடினீர்களோ, அது நடப்பதற்கு இதைவிடத் தோதான இடம் தோட்டத்தில் வேறு இல்லை.

முன்பு அப்படி இல்லை. பள்ளி பஸ் வந்ததும் பிள்ளைகள் பையைப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடுவார்கள். வேலை முடிந்த ஆண்கள் வரப்பில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். கூடையை இறக்கி வைத்த பெண்களும் சிறிது நேரம் நிற்பார்கள். இருட்டுவதற்கு முன்பே பழைய வீரர் ஒருவர் விசில் ஊதுவார். அத்தோடு ஆட்டம் நின்றுவிடும், ஒரு கோல் மீதி என்று எவரும் வாதாட முடியாது. எல்லோரும் ஒன்றாகப் பேசிக்கொண்டே லைனுக்குத் திரும்புவோம். சின்னப் பிள்ளைகள் நடுவில், பெரியவர்கள் முன்னும் பின்னும். வனத்துறையினரும் ஆய்வாளர்களும் ஊர் ஊராக வந்து சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: கூட்டமாக நடங்கள், பேசிக்கொண்டே போங்கள், அந்திக்குப் பிறகு குழந்தையைத் தனியே விடாதீர்கள். யாரும் சுற்றறிக்கை அனுப்பாமலே எங்கள் கால்பந்து அதைச் செய்துகொண்டிருந்தது. இப்போது அவரவர் தனித்தனியே வீடு திரும்புகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது உங்கள் கணக்கில் வராத விஷயம் என்று நினைக்கிறேன். பக்கத்துத் தோட்டத்து அணி ஜீப்பில் வந்து இறங்கும். எங்கள் பையன்கள் வெளுத்துப்போன பச்சை ஜெர்சியில் நிற்பார்கள். மழை பெய்தாலும் ஆட்டம் நடக்கும். அட்டை கடித்த காலில் உப்பைத் தடவிக்கொண்டு மறுபடி இறங்குவார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கத்துவோம். என் மாமியாருக்குப் பந்து தெரியாது. சத்தத்தை வைத்தே யார் கோல் அடித்தது என்று சொல்லிவிடுவார். மைதானத்தின் ஓரத்து மரங்களில் சோலைமந்திகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். சில நாட்களில் இருவாச்சிப் பறவை ஒன்று இறக்கைச் சத்தத்தோடு மேலே கடந்து போகும், ஆட்டம் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு கணம் அண்ணாந்து பார்ப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் கிலோ கணக்கில் மட்டும் எங்களை எடைபோடுகிற தோட்டத்தில், எங்கள் பிள்ளைகளின் திறமைக்காக நாங்கள் கைதட்டியது அந்த ஒரு நாளில்தான். என் மகன் ஒரு பெனால்டியைத் தடுத்தபோது, எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பத்தின் பெரியவர் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டார். இதை எந்த ரிஜிஸ்டரில் எழுதுவீர்கள்?

அசாம், ஜார்க்கண்ட் குடும்பங்களுக்கும் அந்த மைதானம் அவ்வளவு முக்கியம். பெரியவர்களுக்கு மொழி தெரியாது, ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் சைகையில்தான் பேசுகிறார்கள். பையன்கள் மட்டும் பந்து விளையாடியே தமிழ் கற்றுக்கொண்டார்கள். எங்கள் அணியின் தடுப்பாட்டத்தைத் தாங்குபவன் ஜார்க்கண்ட் பையன் ஒருவன்தான். யானை வருகிறது என்று தகவல் கிடைத்தால் அவன்தான் ஓடிப்போய்த் தன் லைன் வீடுகளில் இந்தியில் சொல்வான். நான் மேலே சொன்ன இரண்டு குழந்தைகளும் வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை நிர்வாகம் யோசித்ததா? இந்த மலையில் எப்போது வெளியே போகலாம், எந்தப் புதரை ஒட்டி நடக்கக் கூடாது என்பதெல்லாம் எங்களுக்குப் பாட்டி சொல்லித் தெரிந்தது. அவர்களுக்குச் சொல்ல இங்கே பாட்டி இல்லை. நீங்கள் ஒட்டிய அறிவிப்பும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருந்தது.

விலங்குகளோடு வாழ முடியும் என்பதற்கு வால்பாறையே சாட்சி. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி, சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். 1890களில் காட்டை வெட்டித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். யானையின் பாதை அதற்கு முன்பே இருந்தது. முன்பெல்லாம் யானையிடம் சிக்கி இறந்தவர்களில் பெரும்பாலானோர், பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள். அதைக் கண்டறிந்து, நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற வனவிலங்கு ஆய்வு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து முன்னெச்சரிக்கை ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கேபிள் டிவியின் அடியில் யானை நிற்கும் இடம் ஓடும். செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். மேட்டில் சிவப்பு விளக்கு மினுங்கும், அதை ஊர்க்காரர்களே போன் மூலம் எரிய வைப்பார்கள். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. 2015இல் ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான வைட்லி விருது கிடைத்தபோது எங்கள் லைனிலும் பேசிக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டில் ஒரு ரோட்டையும் மூடவில்லை, ஒரு பஸ்ஸையும் நிறுத்தவில்லை. யானை இருக்கும் இடம் தெரிந்தால் மனிதன் ஒதுங்கிக்கொள்வான் என்று மக்களை நம்பினார்கள். அந்த நம்பிக்கையை எங்கள் மீது நீங்கள் வைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

ஒருநாள் இரவு எங்கள் சமையலறைச் சுவரை யானை இடித்து அரிசியையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போனது. டிவியில் ஓடிய செய்தியை மாமியார் கேட்டுச் சொன்னதால் நாங்கள் ஏற்கெனவே பக்கத்து வரிசைக்குப் போயிருந்தோம். சுவர் போயிற்று, உயிர் மிஞ்சியது. யானை மீது எனக்குக் கோபம் இல்லை. சுவரைக் கட்டித் தரச் சொல்லி அலைந்த அலைச்சல்தான் இன்னும் மனதில் இருக்கிறது.

சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போங்கள் என்றும் நான் கேட்கப் போவதில்லை. குழந்தையைப் பறிகொடுத்த வீட்டின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் 2001 முதல் 2003 வரை சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதன் பிறகு மனிதர் மீதான தாக்குதல் அங்கே கூடியது என்று ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்றைப் பிடித்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். புதரும் இருட்டும் கழிவும் அப்படியே இருந்தால் வருகிற சிறுத்தையும் அதே வாசலுக்குத்தான் வரும்.

விளையாட்டு என்பது நிர்வாகம் இஷ்டப்பட்டால் கொடுக்கும் சலுகை அல்ல என்பதையும் நினைவூட்டுகிறேன். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், கழிப்பறை, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் என்று சொன்ன வரிசையிலேயே பொழுதுபோக்கு வசதியையும் சொன்னது. 2020ஆம் ஆண்டின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது விடுபடவில்லை. தோட்டத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறீர்கள். 2001 கணக்கெடுப்பில் வால்பாறையின் மக்கள்தொகை 95 ஆயிரம். 2011இல் அது 71 ஆயிரமாகக் குறைந்தது. திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனவர்கள் கூலிக்காக மட்டும் போகவில்லை. பிள்ளைகளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போனவர்கள் பலர். எங்களுக்கு இருந்த பதில்களில் ஒன்றைப் பிடுங்கி ஸ்டோரில் போட்டுப் பூட்டியிருக்கிறீர்கள்.

ஆகவே கேட்கிறேன். மைதானத்தைத் திறந்துவிடுங்கள். விறகைப் பேக்டரி வளாகத்துக்கே மாற்றுங்கள். புல்லை வெட்டி, கோல் கம்பங்களை மறுபடி நட்டுக் கொடுங்கள். வெட்டுவதற்கு ஆள் இல்லை என்றால் கத்தியைக் கொடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே இறங்கி வெட்டிவிடுவோம்.

விளையாட்டை மாலை ஆறு மணிக்கு முடித்துக்கொள்ள வேண்டும், மாரிக்காலத்தில் ஐந்தரைக்கே முடிக்க வேண்டும் என்று விதி போடுங்கள், நாங்கள் கட்டுப்படுவோம். யானையோ சிறுத்தையோ அருகில் இருப்பதாகத் தகவல் வந்த நாளில் ஆட்டம் வேண்டாம். தினமும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் மைதானத்தில் இருப்பார்கள். முறை வைத்து வர எங்கள் லைன் பெற்றோர்கள் சம்மதித்திருக்கிறார்கள், பெயர்ப் பட்டியலைத் தனியே தருகிறோம்.

லைன் வீடுகளின் பின்புறமும், கழிப்பறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போகிற பாதைகளின் இருபுறமும் புதரை வெட்டி, வருடம் முழுவதும் அப்படியே வைத்திருங்கள். வீட்டை ஒட்டிய தேயிலைக்குக் கவாத்தை முதலில் போடுங்கள். நட்ட கம்பங்களில் இந்த மாதத்துக்குள் விளக்கு எரிய வேண்டும். கழிப்பறையை வீட்டோடு சேர்த்துக் கட்டித் தருவதாகச் சொன்ன வேலையை எப்போது தொடங்குவீர்கள் என்று தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள்.

இறைச்சிக் கழிவை ஓடைக்கரையில் கொட்டுவதை நிறுத்துங்கள். லைனுக்கு என்ன விதியோ அதே விதி ஸ்டாப் குவார்ட்டர்ஸுக்கும் பங்களாவுக்கும் கடைகளுக்கும் வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் அரிசி மூட்டைகளை இரவில் வைக்காதீர்கள், யானையை நாமே அழைப்பதாகிவிடும்.

எச்சரிக்கைப் பலகைகளை இந்தியிலும் அசாமியிலும் எழுதி வையுங்கள். புதிதாக வந்து இறங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், வேலையில் சேர்க்கும் முன்பே, இந்த மலையில் எப்படி நடமாட வேண்டும் என்று அவர்கள் மொழியில் சொல்ல ஓர் ஆளை நியமியுங்கள்.

இவற்றைப் பேசுவதற்கு வனத்துறை அலுவலர், தொழிற்சங்கப் பிரதிநிதிகள், லைன் பெண்கள், கால்பந்து அணிப் பையன்கள் ஆகியோரை வைத்து மைதானத்திலேயே ஒரு கூட்டம் போடுங்கள். மாலை ஆறரைக்கு வையுங்கள், முடிந்ததும் எங்களோடு லைன் வரை நடந்து வாருங்கள். பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். அது வராவிட்டால் இதே கோரிக்கைகளைத் தொழிலாளர் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கையெழுத்துகளோடு அனுப்புவோம்.

இப்படிக்கு,
கீழ் லைனில் வசிக்கும் கொழுந்து எடுக்கும் தொழிலாளி,
டிவிஷன் கால்பந்து அணி கோல்கீப்பரின் தாய்